கடை ருசி, வீட்டு அடுப்பு: வாசகர் கேள்வி பதில்

"கடையில் சாப்பிட்டதை வீட்டில் செய்து பார்த்தேன், வரவில்லை" என்றுதான் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொடங்குகின்றன. 19 ஆண்டுகள் உணவகச் சமையற்கட்டில் வேலை பார்த்தவள் நான். காய் நறுக்கும் மேஜையில் சேர்ந்து, பொரிக்கும் அடுப்புக்கு வந்து, கடைசி ஆறு ஆண்டுகள் மற்றவர்களுக்கு அளவு எழுதித் தரும் இடத்தில் இருந்தேன். இப்போது இரண்டு பர்னர் அடுப்பில் நான்கு பேருக்குச் சமைக்கிறேன். வீட்டுக்கு வந்த முதல் மாதம், நானே எழுதிய அளவுகள் என் கைக்கே சரிவரவில்லை. ஏன் என்று தேடித் தேடி ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

அளவு மாறாமல், அதே சாஸ் வாங்கி ஃப்ரைடு ரைஸ் செய்கிறேன். சோறு குழைந்து, வெந்த காய் வாசனையோடு சொதசொதவென்று வருகிறது. கடையில் மட்டும் எப்படி உதிரியாக, அந்தப் புகை மணத்தோடு வருகிறது?

உங்கள் அளவில் குறையில்லை. குறை தண்ணீரில் இருக்கிறது. நீங்கள் ஊற்றிய தண்ணீரைச் சொல்லவில்லை. சோற்றிலும் காயிலும் ஏற்கெனவே இருப்பதைச் சொல்கிறேன்.

பள்ளியில் படித்திருப்போம். ஒரு கிராம் தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அதே தண்ணீரை ஆவியாக்கி விரட்ட இன்னும் 540 கலோரி வேண்டும். வாணலியில் ஈரம் இருக்கும்வரை சோற்றின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. நாம் தேடும் அந்த வறுத்த மணமோ 140 டிகிரியை ஒட்டித்தான் வேகமாக எழும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் உண்டாக்கும் இந்த வினையை 1912இல் முதலில் விவரித்தவர் லூயி கமில் மெயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். கடையில் வாணலியைச் சுற்றித் தீ சீறுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டு பர்னரைவிடப் பல மடங்கு வெப்பம் அது. காயிலிருந்து நீர் கசிந்த கணத்திலேயே ஆவியாகிவிடும். நம் வாணலியில் அந்த நீர் தேங்கும், சோறு வறுபடாமல் வேகும்.

தீயைப் பெரிதாக்க நம்மால் முடியாது. ஈரத்தைக் குறைக்க முடியும். சோற்றை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைந்த தண்ணீரில் வடியுங்கள். அகலத் தட்டில் பரப்பி ஆற விடுங்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுங்கள். குளிரில் மாவுச்சத்து இறுகி, பருக்கை பருக்கையாகப் பிரியும். ஆனால் வடித்த சோற்றை இரவு முழுக்க வெளியே விடாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் கொதிக்கும் நீரிலும் சாகாமல் சோற்றில் தங்கும். வெளியே கிடக்கும் சோற்றில் அது உண்டாக்கும் நஞ்சு, மறுநாள் எவ்வளவு வறுத்தாலும் போகாது. வடித்து ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

காயைக் கழுவி, துணியில் ஒற்றி, ஈரமில்லாமல் நறுக்குங்கள். இனிச் சொல்லப்போவதுதான் என் நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியிருப்பது: ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்கான சோறு மட்டும். நான்கு பேருக்கானதை ஒன்றாகப் போட்டுத்தான் நான் முதல் மாதம் முழுக்கத் தோற்றேன். வாணலி நன்றாகக் காய்ந்து எண்ணெய் மினுங்கும்போது முட்டையைப் பொரித்துத் தனியே எடுங்கள். காயை ஒரு நிமிடம் வதக்கி அதையும் எடுங்கள். வாணலியை மறுபடி காயவிட்டுச் சோற்றைப் போட்டு, அரை நிமிடம் கிளறாமல் விடுங்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, சாஸைச் சோற்றின் தலையில் ஊற்றாமல் வாணலியின் சூடான விளிம்பில் ஊற்றுங்கள். சுர்ரென்று கருகி எழும் அந்த வாசனைதான் நீங்கள் கேட்ட புகை மணத்துக்கு வீட்டில் மிக அருகில் வருவது. முதல் தட்டு ஆறிவிடுமே என்று மூடி வைக்காதீர்கள். மூடியில் கோத்த ஆவி சொட்டி, விரட்டிய ஈரத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் எடுத்த ஐந்தாவது நிமிடமே நமத்துப் போகிறது. என் மகன் தொடவே மாட்டேன் என்கிறான்.

ஒரே தடவையில் பொரிப்பதால்தான். வெளியே பொன்னிறம் வந்தாலும் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளியேறி மொறுமொறுப்பான மேல்புறத்தை இளக்கிவிடுகிறது. கடையில் இரண்டு தடவை பொரிப்பார்கள். உறைந்த பாக்கெட்டில் வருவது ஏற்கெனவே ஒரு தடவை பொரித்ததுதான்.

விரல் தடிமனுக்கு நறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, மேலே ஒட்டியிருக்கும் மாவையும் சர்க்கரையையும் போக்குங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேஜைக்கரண்டி வினிகர் விட்டு எட்டு, பத்து நிமிடம் வேகவிடுங்கள். புளிப்பு இருந்தால் கிழங்கைப் பிணைத்திருக்கும் பெக்டின் சீக்கிரம் கரையாது. உள்ளே வெந்தும் வடிவம் குலையாமல் நிற்கும். வடித்து, துணியில் பரப்பி, ஆவி முழுக்க அடங்கும்வரை விடுங்கள். முதல் பொரிப்பு 150 டிகிரியில், நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். அரை மணி நேரம் ஆறட்டும். முடிந்தால் ஒரு இரவு ஃப்ரீசரில் வையுங்கள். உள்ளே உறையும் பனி கிழங்கின் செல்களைக் கிழிப்பதால் மிச்ச ஈரம் இரண்டாம் பொரிப்பில் எளிதாக வெளியேறும். அந்த இரண்டாவது பொரிப்பு 185 டிகிரியில் மூன்று நிமிடம். எடுத்ததைக் காகிதத்தில் குவிக்காமல் கம்பித் தட்டில் பரப்பி, உடனே உப்பு தூவுங்கள்.

கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறும். பொரிக்கும்போது வேகுமுன் கறுக்கும். மாவுச்சத்துள்ள பண்டங்களைக் கருகப் பொரித்தால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடும் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002இல் அறிவித்தார்கள். பொன்னிறத்தோடு நிறுத்த இதுவும் ஒரு காரணம்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், "என் சின்ன வயதில் இருந்த ருசி இப்போது கடையிலேயே இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். அது வெறும் ஏக்கமாக இருக்க வேண்டியதில்லை. மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் தன் ஃப்ரைஸை முன்பு பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பில்தான் பொரித்தது. 1990இல்தான் தாவர எண்ணெய்க்கு மாறியது. எண்ணெய் மாறினால் ருசி மாறும், நாக்கு அதைச் சரியாகவே நினைவில் வைத்திருக்கும்.

பிரபல ஃப்ரைடு சிக்கனின் ரகசிய மசாலா என்ன? அவர்கள் பிரஷரில் பொரிக்கிறார்கள் என்று படித்தேன். குக்கரில் எண்ணெய் ஊற்றிச் செய்யலாமா?

செய்யாதீர்கள். இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன்: கூடவே கூடாது. கே.எஃப்.சி. நிறுவனரான கர்னல் சாண்டர்ஸ் 1939இல் பிரஷர் முறைக்கு மாறியது உண்மைதான். ஆனால் கடைகளில் இன்று இருப்பது அதற்கென்றே செய்த இயந்திரம். வீட்டுக் குக்கரின் ரப்பரும் வால்வும் தண்ணீரின் ஆவிக்காகச் செய்யப்பட்டவை. கொதிக்கும் எண்ணெயின் சூட்டை அவை தாங்காது.

எண்ணெயைப் பற்றி நான் இவ்வளவு கடுமையாகப் பேசக் காரணம் என் வலது முழங்கையில் இருக்கிறது. நான் பொரிக்கும் அடுப்புக்கு வந்த முதல் வருடம், ஊறவைத்த கோழியை நீர் சொட்டச் சொட்ட எண்ணெயில் விட்டேன். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். எண்ணெய் பொங்கி வழிந்து பற்றிக்கொண்டது. பக்கத்திலிருந்த பையன் தண்ணீர் ஜக்கைத் தூக்கினான். மாஸ்டர் அதைத் தட்டிவிட்டு, அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் சட்டியை மூடினார். அந்தத் தண்ணீர் விழுந்திருந்தால் தீ கூரைக்கு ஏறியிருக்கும். எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் கூடாது, அடுப்பை அணைத்து மூடிதான் போட வேண்டும். இதை வீட்டில் சமைக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

மசாலாவுக்கு வருகிறேன். 11 மூலிகைகளும் மசாலாக்களும் என்று அந்த நிறுவனமே விளம்பரம் செய்கிறது, பட்டியலைத்தான் வெளியிடவில்லை. என் அனுபவத்தில் அந்த ருசியில் பாதிக்கு மேல் உப்பு நீரிலும் மாவிலும் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு கரைத்து, துண்டுகளை நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறவிடுங்கள். எடுத்து ஒற்றுங்கள். மைதாவில் வெள்ளை மிளகுத்தூளைத் தாராளமாகச் சேருங்கள். கறுப்பு மிளகு வேறு மணம், அது வேண்டாம். மாவில் இரண்டு மூன்று கரண்டி மோர் தெளித்து விரலால் உதிர்த்தால் சிறு சிறு கட்டிகள் வரும். பொரிந்தபின் செதில் செதிலாக நிற்பது அவைதான். மாவு பூசிய துண்டுகளை 20 நிமிடம் கம்பித் தட்டில் வைத்து, மாவு ஈரம் குடித்து ஒட்டியதும் 165 டிகிரி எண்ணெயில் மெல்ல இறக்குங்கள். எலும்பருகே 74 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். எண்ணெயில் மரக்கரண்டியை விட்டுக் குமிழி பார்ப்பது பழகிய கைக்குச் சரி, பழகும் கைக்கு ஏமாற்றம்தான்.

பாட்டில் தக்காளி சாஸ் போலவே வீட்டில் செய்ய வேண்டும். எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் ஒவ்வொரு அளவு சொல்கிறார்கள். எதை நம்புவது?

பாட்டிலையே நம்புங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும், மற்றவை அதன்பின் இறங்குவரிசையில். தக்காளிக்கு அடுத்துச் சர்க்கரையா வினிகரா என்பது உடனே தெரிந்துவிடும். பிறகு சத்து அட்டவணைக்கு வாருங்கள். 100 கிராமில் சர்க்கரை 24 கிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பழத் தக்காளியை வேகவைத்து, வடிகட்டி, சுண்டக் காய்ச்சினால் சுமார் 300 கிராம் சாஸ் கிடைக்கும். அப்படியானால் அதில் 72 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். தக்காளியிலேயே கிலோவுக்கு 25 கிராம் அளவில் சர்க்கரை உண்டு. ஆக நீங்கள் சேர்க்க வேண்டியது 47 கிராம். சோடியம் 900 மில்லிகிராம் என்றிருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள்: 100 கிராமுக்கு 2.25 கிராம் உப்பு. 300 கிராமுக்கு ஏழு கிராமுக்குச் சற்றுக் குறைவு. யாருடைய கைப்பக்குவத்தையும் ஊகிக்காமல், இனிப்பும் உப்பும் பாட்டிலில் இருக்கும் அளவுக்கே வந்துவிட்டன. மிச்சம் புளிப்பும் மணமும்தான். வினிகரைக் கடைசியில் சேருங்கள், முதலில் சேர்த்தால் புளிப்பு ஆவியோடு போய்விடும். கிராம்பு, பட்டை, வெங்காயம் மூன்றையும் துணியில் கட்டிப் போட்டு எடுத்துவிடுங்கள்.

பாட்டில் சாஸ் கரண்டியில் நின்று விழுவதற்குக் காரணம் மிக நுணுக்கமாக அரைத்த சதை. மிக்ஸியில் நன்றாக அரைத்து, மெல்லிய சல்லடையில் இரண்டு தடவை தேயுங்கள். கேடுதடுப்பான் சேர்க்காததால் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும், உலர்ந்த கரண்டியால்தான் எடுக்க வேண்டும்.

பிஸ்கட், சாக்லேட் ஸ்ப்ரெட், சாலட் டிரெஸ்ஸிங் எதற்கும் இந்தக் கணக்கு செல்லும். ஒரு சமையலறைத் தராசும் பென்சிலும் போதும்.

கடை பிரெட் ஒரு வாரம் மெத்தென்று இருக்கிறது. நான் சுடுவது மறுநாளே காய்ந்து போகிறது.

இதுவரை தண்ணீரை விரட்டச் சொன்னேன். இங்கே அதைப் பிடித்து வைக்க வேண்டும். மாவில் இருபதில் ஒரு பங்கை எடுத்து, அதன் எடையைப் போல் ஐந்து மடங்கு தண்ணீரோ பாலோ விட்டு, சிறுதீயில் கூழாகக் கிளறுங்கள். 65 டிகிரியில் கெட்டிப்படும். ஆறியதும் மிச்ச மாவோடு பிசையுங்கள். கூழான மாவு பிடித்த நீரை விடாது. ஜப்பானிலும் சீனாவிலும் பழகிய முறை இது. சுட்ட பிரெட்டை ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், ஃப்ரைடு ரைஸ் சோற்றை இறுக வைத்த அதே குளிர் பிரெட்டையும் இறுக வைக்கும். வெளியே வையுங்கள், இல்லையென்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

அஜினோமோட்டோ இல்லாமல் கடை ருசி வரவே வராதா? உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே?

அஜினோமோட்டோ என்பது நிறுவனத்தின் பெயர், பொருள் மோனோசோடியம் குளூட்டமேட். டோக்கியோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிகுனே இகேடா, 1908இல் கொம்பு என்ற கடற்பாசியில் இந்தச் சுவையைக் கண்டுபிடித்து 'உமாமி' என்று பெயரிட்டார். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை உப்பு, வினிகர் போலப் பொதுவாகப் பாதுகாப்பானவற்றின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. அதிகம் எடுத்தால் சிலருக்குத் தலைவலி போலச் சிறிது நேரம் படுத்தலாம். உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உப்பில் 39 விழுக்காடு சோடியம், இதில் 12 விழுக்காடுதான். ஆகவே உப்பைப் பாதியாக்கி இதில் ஒரு சிட்டிகை சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை.

அது இல்லாமலும் வரும். உலர்காளானை ஊறவைத்த நீரையும் சுண்டிய தக்காளி விழுதையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே தருவதைவிடச் சேரும்போது பல மடங்கு தரும்.

வீட்டு ஐஸ்கிரீமில் நறநறவென்று பனி. என்ன செய்யலாம்?

மெதுவாக உறைவதால் பனிப்படிகம் பெரிதாக வளர்கிறது. கடை இயந்திரம் வேகமாகக் குளிர்வித்துக்கொண்டே சுரண்டி, காற்றையும் சேர்க்கிறது. இயந்திரம் இல்லையென்றால் காற்றையும் கொழுப்பையும் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்: நுரைக்க அடித்த 500 மில்லி விப்பிங் கிரீமில், குளிர்ந்த ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க்கை மெல்ல மடித்துக் கலந்து, ஆழமில்லாத அகலத் தட்டில் ஊற்றி, ஃப்ரீசரின் ஆழத்தில் வையுங்கள். பழம் சேர்ப்பதானால் சர்க்கரையோடு சுண்டவைத்த விழுதாகச் சேருங்கள். பச்சைத் துண்டு கல்லாகிவிடும்.

அப்பாவுக்கு 81 வயது. வெளியே போக முடிவதில்லை. இளமையில் ஒரு கடையில் குடித்த தக்காளி சூப்பைத்தான் அடிக்கடி கேட்கிறார். அந்தக் கடை மூடிப் பல வருடமாகிறது. நான் குடித்ததே இல்லை. நான்கு தடவை செய்து கொடுத்தேன், "நல்லாயிருக்கு, ஆனா அது இல்லை" என்கிறார்.

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன், சகோதரி.

முதலில் அவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. சின்னச் சின்னதாகக் கேளுங்கள். சிவப்பா, ஆரஞ்சா? ஆரஞ்சு என்றால் கிரீமோ பாலோ சேர்ந்திருக்கிறது. கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டியதா, தண்ணீராக வழிந்ததா? ஆறினால் மேலே ஆடை படிந்ததா? ஆடை படிந்தது என்றால் வெண்ணெயில் வறுத்த மைதாவும் பாலும் சேர்த்துக் கெட்டியாக்கியிருக்க வாய்ப்பு அதிகம். நாக்கில் முதலில் பட்டது இனிப்பா, புளிப்பா? மேலே என்ன மிதந்தது? கிண்ணமா, கோப்பையா? அந்தக் கடைக்கு யாரோடு போனார் என்றும் கேளுங்கள். அந்தக் கதையைச் சொல்லும்போது, கேட்காத விவரமும் வந்து விழும்.

பிறகு ஒரே பானை சூப்பை மூன்று சின்னக் கிண்ணத்தில் பிரியுங்கள். ஒன்றில் மைதாவும் வெண்ணெயும். ஒன்றில் கிரீமும் கால் கரண்டி சர்க்கரையும். ஒன்றில் அடுப்பில் சுட்டு எடுத்த தக்காளியின் விழுது. எது அதற்குப் பக்கத்தில் வருகிறது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த வாரம் அவர் காட்டிய கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து மறுபடி மூன்றாகப் பிரியுங்கள். எங்கள் சமையற்கட்டில் புதுப் பண்டத்துக்கு அளவு கண்டதெல்லாம் இப்படித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. வயது ஏற ஏற மூக்கின் கூர்மை மங்கும். அந்தப் பழைய சூப்பையே யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் இன்று அவருக்குச் சப்பென்றுதான் இருக்கக்கூடும். எனவே, உங்கள் நாக்குக்குச் சற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால், காளான் நீரும் சில சொட்டு எலுமிச்சையும் அந்த இடத்தை நிரப்பும். மிளகைப் பரிமாறும்போது அவர் எதிரிலேயே பொடித்துத் தூவுங்கள், மணம் மூக்குக்கு முதலில் போகும். ஆவி பறக்கக் கொடுங்கள், நாக்கு சுடாத அளவுக்கு.

மூன்று கிண்ணத்தில் எதை முதலில் காலி செய்தார் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த மூன்றை நாம் சேர்ந்தே முடிவு செய்யலாம்.